இங்கிலாந்துக் கிராமத்தில் கட்ட அனுமதி: திட்டமிடல் குழு எப்படி முடிவெடுக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிழக்கு இங்கிலாந்தில், ஒரு நாளைக்கு நான்கே முறை பஸ் வந்துபோகும் சிற்றூர் ஒன்றில் குடியிருக்கிறேன். ஆறு ஆண்டுகள் பாரிஷ் கவுன்சிலில், அதாவது எங்கள் ஊர் அளவிலான சபையில், உறுப்பினராக இருந்தேன். மாவட்டக் கவுன்சிலின் திட்டமிடல் குழு கூடும் நாள்களில் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்பது அப்போது பழக்கமாயிற்று, இன்றும் விடவில்லை. இதைக் கேள்விப்பட்டுத் தமிழ் நண்பர்களும் அவர்களுக்குத் தெரிந்தவர்களும் தொலைபேசியில் அழைக்கிறார்கள். வயல் ஒன்று வாங்கிவிட்டோம், வீடு கட்ட விடுவார்களா என்கிறார் ஒருவர். வீட்டுக்குப் பின்னால் 60 வீடுகள் வரப்போகின்றன, எப்படித் தடுப்பது என்கிறார் இன்னொருவர். பெரும்பாலும் அவர்கள் அழைக்கும் நேரத்தில் முடிவெடுக்கும் வேலை முக்கால்வாசி நடந்து முடிந்திருக்கிறது. அந்த வருத்தம்தான் இதை எழுத வைத்தது. இங்கே சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கு மட்டும் பொருந்தும். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றில் சட்டம் வேறு.

என் நிலம், என் பணம். கட்டுவதற்கு எதற்கு அனுமதி?

இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் நகரங்களிலிருந்து வெளியேறும் சாலைகளின் இருபுறமும் வீடுகள் வரிசை வரிசையாக நீண்டுகொண்டே போயின. வயல்கள் விழுங்கப்பட்டன. அதைத் தடுக்க 1935இல் ஒரு சட்டம் வந்தது, போதவில்லை. 1947ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டம் 1948 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது விஷயம் தலைகீழாக மாறியது. அன்றிலிருந்து நிலம் உங்களுடையது, ஆனால் அதில் புதிதாகக் கட்டும் உரிமை அனுமதி பெற்றால்தான் உங்களுடையது. இன்று நடப்பில் இருப்பது 1990ஆம் ஆண்டின் சட்டம் என்றாலும் அடித்தளம் அதுவே.

விவசாய நிலம் விலை மலிவாகக் கிடைப்பதற்கும் இதுவே காரணம். வயலைத் துண்டு துண்டாகப் பிரித்து, 'விரைவில் அனுமதி வந்துவிடும்' என்று விற்பவர்கள் இந்த நாட்டில் உண்டு. அப்படி வாங்கிச் சேமிப்பை இழந்த நம்மவர்கள் என்னிடமே பேசியிருக்கிறார்கள். அனுமதி இல்லாத வயலை வாங்குபவர் வயலைத்தான் வாங்குகிறார் என்று மனதில் வைத்துக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்.

முடிவெடுப்பது யார்? எங்கள் ஊர் பாரிஷ் கவுன்சிலா?

இல்லை. பாரிஷ் கவுன்சில் கருத்துச் சொல்லலாம், அவ்வளவுதான். முடிவு மாவட்டக் கவுன்சிலின் கையில் இருக்கிறது. சில இடங்களில் மாவட்டம், கவுண்டி என்று இரண்டு அடுக்கு இல்லாமல் ஒரே கவுன்சில் எல்லாவற்றையும் பார்க்கும். பீக் டிஸ்ட்ரிக்ட், லேக் டிஸ்ட்ரிக்ட் போன்ற தேசியப் பூங்காக்களுக்குள் நிலம் இருந்தால் அந்தப் பூங்கா ஆணையமே திட்டமிடல் அதிகாரம் கொண்டது. கவுன்சிலுக்கு எழுதிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்த ஒருவருக்கு, நிலம் பூங்கா எல்லைக்குள் இருப்பதே தெரிந்திருக்கவில்லை.

பாரிஷின் கருத்தை அதற்காக அலட்சியம் செய்யாதீர்கள். எந்தத் திருப்பத்தில் டிராக்டரும் பள்ளிப் பேருந்தும் எதிரெதிரே சிக்கிக்கொள்ளும், எந்த வாய்க்கால் ஜனவரியில் வழிந்து சாலைக்கு வரும் என்பதெல்லாம் அந்த ஏழெட்டுப் பேருக்குத்தான் தெரியும். அப்படிக் குறிப்பாகச் சொன்ன கருத்து, அதிகாரியின் அறிக்கையில் இடம்பிடிப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

எல்லா விண்ணப்பங்களும் குழுவின் முன் வருமா?

வராது. நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவற்றைத் திட்டமிடல் அதிகாரிகளே, தங்களுக்கு அளிக்கப்பட்ட அதிகாரத்தின்படி, குழுவுக்குக் கொண்டுபோகாமல் முடித்துவிடுகிறார்கள். மிகப் பெரிய திட்டங்களும், கவுன்சிலரோ கவுன்சில் ஊழியரோ விண்ணப்பித்தவையும், கவுன்சிலுக்கே சொந்தமான நிலமும் வழக்கமாகக் குழுவுக்குப் போகும். மற்றவை போக வேண்டுமானால் உங்கள் வார்டு கவுன்சிலர், திட்டமிடல் சார்ந்த காரணத்தைக் காட்டி எழுத்தில் கேட்க வேண்டும். பல கவுன்சில்களில் அதற்குக் குறுகிய கெடு உண்டு. விண்ணப்பம் பதிவான சில வாரங்களுக்குள் அந்தக் கதவு மூடிவிடும்.

'குழுக் கூட்டத்தில் பார்த்துக்கொள்வோம்' என்று இருப்பவர்கள் தோற்பது இங்கேதான். அவர்கள் காத்திருக்கும் கூட்டம் நடக்கவே போவதில்லை.

நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். எத்தனை நாள் இருக்கிறது?

பொதுவாக 21 நாள்கள். சிறிய விண்ணப்பத்துக்கு முடிவு சொல்லக் கவுன்சிலுக்கு உள்ள காலம் 8 வாரங்கள், பத்து வீடுகளும் அதற்கு மேலும் உள்ள பெரிய விண்ணப்பத்துக்கு 13 வாரங்கள், சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீடு தேவைப்பட்டால் 16. இரு தரப்பும் ஒப்புக்கொண்டு நீட்டிப்பது சாதாரணமாக நடக்கிறது. கெடு தாண்டி வந்த கடிதத்தையும் முடிவெடுக்கும் வரை பெரும்பாலும் படிப்பார்கள். ஆனால் அதற்குள் அதிகாரி அறிக்கையை எழுதி முடித்திருந்தால் உங்கள் காரணம் அதன் கடைசியில் ஒரு வரியாக ஒட்டிக்கொள்ளும்.

எதை வைத்து முடிவெடுக்கிறார்கள்?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். 2004ஆம் ஆண்டுத் திட்டமிடல் சட்டத்தின் 38(6)ஆம் பிரிவு சொல்வது இது: கவுன்சில் ஏற்றுக்கொண்ட வளர்ச்சித் திட்டத்தின்படி முடிவெடுக்க வேண்டும், வேறு முக்கியமான திட்டமிடல் காரணங்கள் எதிர்த்திசையில் கனக்காத வரையில். வளர்ச்சித் திட்டம் என்பதில் மாவட்டத்தின் உள்ளூர்த் திட்டமும், 2011ஆம் ஆண்டின் உள்ளூர்மயச் சட்டத்தின் கீழ் ஊர்மக்களே எழுதி வாக்கெடுப்பில் நிறைவேற்றிய ஊர்த் திட்டமும் அடங்கும்.

எங்கள் மாவட்டத்தின் உள்ளூர்த் திட்டம் இருநூறு பக்கங்களுக்கு மேல். கூடவே வரைபடங்கள். ஒவ்வொரு ஊரையும் சுற்றி ஒரு கோடு போட்டிருப்பார்கள். கோட்டுக்கு உள்ளே ஊர், வெளியே நாட்டுப்புறம். உங்கள் நிலம் கோட்டின் எந்தப் பக்கம் என்பதே முதல் கேள்வி. எத்தனையோ பேர் கட்டட வரைபடத்துக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்த பிறகுதான் இந்தக் கோட்டைப் பார்க்கிறார்கள். கவுன்சிலின் இணையதளத்தில் அது இலவசமாக இருக்கிறது. கால் மணி நேரம் போதும்.

திட்டத்துக்கு அப்பால் கனக்கும் காரணங்கள் பல: சாலைப் பாதுகாப்பு, வெள்ள அபாயம், பக்கத்து வீட்டுக்கு வெளிச்சமும் தனிமையும் குறைவது, இரைச்சல், பழமையான கட்டடங்களின் சூழல், நிலக்காட்சி, வௌவால், நியூட் என்னும் பல்லி போன்ற நீர்நில உயிரி முதலிய பாதுகாக்கப்பட்ட உயிரினங்கள். மத்திய அரசின் தேசியத் திட்டமிடல் கொள்கைச் சட்டகமும் இந்த வரிசையில்தான் வருகிறது. அது 2012இல் முதலில் வெளியாகிப் பலமுறை திருத்தப்பட்டிருப்பதால், பழைய பதிப்பின் பத்தி எண்ணைக் கடிதத்தில் எழுதிவிடாதீர்கள்.

வௌவால் என்றதும் பலர் சிரிக்கிறார்கள். அதில் சிரிக்க ஒன்றும் இல்லை. பழைய களஞ்சியத்தை மாற்றிக் கட்டும்போது வௌவால் ஆய்வு தேவைப்படலாம், அவை பறந்து திரியும் கோடை மாதங்களில்தான் முழுமையான ஆய்வு செய்ய முடியும். செப்டம்பரில் விழித்துக்கொண்டால் அடுத்த மே வரை காத்திருக்க வேண்டும்.

எந்தக் காரணம் எடுபடாது?

என் வீட்டின் விலை குறைந்துவிடும். என் ஜன்னலிலிருந்து தெரியும் காட்சி போய்விடும். என் கடைக்குப் போட்டி வந்துவிடும். விண்ணப்பித்தவர் நல்லவர் அல்லர், வெளியூர்க்காரர், பணத்தாசை பிடித்தவர். இவை எதற்கும் அந்த அறையில் எடை கிடையாது. காட்சி விஷயம் பலரைக் குழப்புகிறது. தனி ஒருவர் வீட்டிலிருந்து பார்க்கும் காட்சிக்குப் பாதுகாப்பு இல்லை. ஆனால் பொதுப் பாதையில் நடப்பவர்கள் எல்லோரும் பார்க்கும் நிலக்காட்சி கெடுகிறது என்றால் அது திட்டமிடல் காரணம். அதே வயல்தான், அதே வருத்தம்தான். சொல்லும் இடத்தைப் பொறுத்து எடை மாறுகிறது.

200 பேரிடம் கையெழுத்து வாங்கிவிட்டோம். போதாதா?

குழுவில் எண்ணப்படுவது காரணங்கள். ஒரே வாசகத்தில் இருநூறு கடிதம் வந்தால் அதிகாரி அதை ஒரே எதிர்ப்பாகத்தான் அறிக்கையில் எழுதுவார். எங்கள் ஊரில் ஒரு மூதாட்டி, மழை நாளில் பள்ளத்துச் சாலையில் தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று ஒன்பது ஆண்டுகளாகத் தேதி போட்டு எடுத்த புகைப்படங்களை அனுப்பினார். அந்த ஒரே உறையால் விண்ணப்பதாரர் வடிகால் திட்டத்தை முழுவதுமாக மாற்ற வேண்டி வந்தது. கையெழுத்து வாங்கச் செலவிடும் ஞாயிற்றுக்கிழமையில் அந்த மாதிரி ஒரு சான்றைத் தேடுங்கள்.

வயலுக்கு நடுவே தனி வீடு கட்டவே முடியாதா?

கடினம். கொள்கைச் சட்டகத்தின் 2024 டிசம்பர் பதிப்பில் 84ஆம் பத்தி இதைப் பேசுகிறது. நாட்டுப்புறத்தில் ஒதுங்கி நிற்கும் புதிய வீட்டைத் தவிர்க்க வேண்டும் என்பது பொது விதி. விலக்குகள் ஐந்து: விவசாயம் போன்ற கிராமப்புறத் தொழில் செய்பவர் அங்கேயே குடியிருந்தாக வேண்டிய தேவை, பழமைச் சின்னம் ஒன்றைக் காப்பாற்றுவது, பயனற்றுக் கிடக்கும் கட்டடத்தை மாற்றிச் சூழலை மேம்படுத்துவது, இருக்கும் வீட்டைப் பிரிப்பது, மிக அரிதான உயர்தர வடிவமைப்பு. 'ஒதுங்கி நிற்பது' என்றால் என்ன என்பதே வழக்காகி, குடியிருப்பிலிருந்து பௌதிகமாக விலகியிருப்பது என்று பிரெயின்ட்ரீ வழக்கில் 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் விளக்கியது. நாலைந்து வீடுகள் சேர்ந்து நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் உங்கள் நிலம் இருந்தால் இந்தத் தீர்ப்பு உங்களுக்கு உதவக்கூடும்.

விவசாயத் தேவை என்பதை நிரூபிப்பது பலர் நினைப்பதைவிடக் கடுமையானது. ஒரு கூட்டத்தில் வயது முதிர்ந்த விவசாயி ஒருவர் எழுந்து, ஐந்து தலைமுறையாக இந்த மண்ணில் உழைக்கிறோம், மகளுக்கு ஒரு வீடு வேண்டும் என்று குரல் தழுதழுக்கச் சொன்னார். குழு உறுப்பினர்களில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஆனாலும் மறுத்தார்கள். இரவிலும் அங்கே ஒருவர் இருந்தாக வேண்டும் என்பதற்கு விண்ணப்பத்தில் ஒரு வரி கூட இல்லை. அடுத்த ஆண்டு அவர் மறுபடி வந்தார். எத்தனை ஆடுகள், ஈனும் மாதங்கள் எவை, நள்ளிரவில் உதவி தேவைப்பட்ட நாள்கள் எத்தனை, பண்ணையின் மூன்றாண்டுக் கணக்கு என்ன என்று எல்லாம் வேளாண் ஆலோசகரின் அறிக்கையில் இருந்தது. கால் மணி நேரத்தில் அனுமதி கிடைத்தது. அதே குடும்பம், அதே மேடு. முதல் முறை அவர்கள் மனதைக் காட்டினார்கள், இரண்டாம் முறை தேவையைக் காட்டினார்கள்.

அப்படிக் கிடைக்கும் வீட்டில் விவசாயம் அல்லது வனத் தொழில் செய்பவர் மட்டுமே குடியிருக்கலாம் என்ற கட்டு இருக்கும். விற்கும்போது விலை குறையும். 'பேரம் படிந்தது' என்று அப்படிப்பட்ட வீட்டை வாங்கும் மருத்துவரோ கணக்காளரோ பின்னால் வருந்துவார்.

களஞ்சியத்தை வீடாக்க அனுமதியே வேண்டாம் என்கிறார்களே?

பாதி உண்மை. விவசாயக் கட்டடங்களை வீடாக்க 2014இல் ஒரு சலுகை வந்தது. இப்போது 'வகுப்பு க்யூ' என்று அழைக்கிறார்கள். 2024 மே மாதம் அது விரிந்தது: பத்து வீடுகள் வரை, மொத்தம் 1,000 சதுர மீட்டர், ஒரு வீடு 150 சதுர மீட்டருக்கு மேல் போகக் கூடாது. முழு விண்ணப்பம் தேவையில்லை. ஆனால் முன் ஒப்புதல் கட்டாயம். கவுன்சிலுக்கு 56 நாள்கள். தேசியப் பூங்காவிலும், தேசிய நிலக்காட்சி என்று அறிவிக்கப்பட்ட பகுதிகளிலும், பட்டியலிடப்பட்ட பழமைக் கட்டடங்களுக்கும் இது செல்லாது.

இன்னொரு கண்ணி உண்டு. இருக்கும் கட்டடத்தை மாற்றுவதற்குத்தான் சலுகை. மூன்று பக்கமும் திறந்து கிடந்த எஃகுச் சட்டக் கொட்டகையைச் சுற்றிப் புதிய சுவர் எழுப்புவது மாற்றம் ஆகாது, அது மறுகட்டுமானம் என்று நாட்டிங்ஹாம்ஷயர் வழக்கு ஒன்றில் 2016இல் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. நாலு தூணும் தகரக் கூரையும் காட்டி வீடு என்று யாராவது விற்க வந்தால் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை அழைத்துப் போங்கள்.

கட்டிவிட்டுச் சில ஆண்டு சும்மா இருந்தால் சட்டப்படி ஆகிவிடும் என்பது உண்மையா?

முன்பு வீட்டுக்கு நான்கு ஆண்டு விதி இருந்தது. 2024 ஏப்ரல் 25 முதல் இங்கிலாந்தில் எல்லாவற்றுக்கும் பத்து ஆண்டுகள். மறைத்துக் கட்டினால் அதுவும் உதவாது. சர்ரே கவுண்டியில் ஒருவர் கோபுரங்களுடன் ஒரு மாளிகையே கட்டி, அதைச் சுற்றி மலை போல வைக்கோல் கட்டுகளை அடுக்கித் தார்ப்பாயால் மூடி, நான்கு ஆண்டு உள்ளே குடியிருந்துவிட்டு 2006இல் திரையை விலக்கினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை. வைக்கோலை அகற்றும் வேலையும் கட்டுமானத்தின் ஒரு பகுதியே என்று நீதிமன்றம் கருதியது. 2016இல் மாளிகை இடிக்கப்பட்டது. ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் இன்னொருவர் வைக்கோல் கொட்டகைக்கு அனுமதி வாங்கி, வெளியே கொட்டகை போலவும் உள்ளே முழு வீடாகவும் கட்டினார். ஏமாற்றிப் பெற்ற காலக்கெடு செல்லாது என்று 2011இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இவற்றைக் கேட்டுக் 'கெட்டிக்காரர்' என்று மெச்சுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். விதியை மதித்துப் பல ஆண்டு அனுமதிக்காகக் காத்திருக்கும் குடும்பங்களுக்கு அது செய்யும் அநியாயம்.

குழு கூடும் நாளில் என்ன நடக்கும்?

கூட்டத்துக்கு ஐந்து வேலை நாள்களுக்கு முன் நிகழ்ச்சி நிரலும் அதிகாரியின் அறிக்கையும் வெளியாக வேண்டும். யாரும் போய் உட்காரலாம், 2014 முதல் ஒளிப்பதிவும் செய்யலாம். அறிக்கையைப் படிக்காமல் போகாதீர்கள். அதன் கடைசியில் அனுமதி, மறுப்பு என்று இரண்டில் ஒரு பரிந்துரை இருக்கும்.

அறையில் குதிரை லாட வடிவில் மேசைகள். பத்துப் பன்னிரண்டு கவுன்சிலர்கள், நடுவில் தலைவர், அவர் பக்கத்தில் சட்ட அலுவலர். அதிகாரி திரையில் வரைபடம், வான்வழிப் படம், இடத்தின் புகைப்படங்கள் என்று காட்டுவார். பிறகு எதிர்ப்பவர், பாரிஷ் கவுன்சிலின் சார்பில் ஒருவர், வார்டு கவுன்சிலர், கடைசியில் விண்ணப்பதாரர் அல்லது அவருடைய முகவர். ஆளுக்குப் பெரும்பாலும் மூன்று நிமிடம். அதற்குப் பிறகு நீங்கள் வாய் திறக்கக் கூடாது. உறுப்பினர் ஒருவர் உங்கள் நிலத்தைப் பற்றித் தவறாகச் சொன்னாலும் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். கேள்விகள், விவாதம், ஒருவர் முன்மொழிவார், இன்னொருவர் வழிமொழிவார், கைகள் உயரும். சமமானால் தலைவருக்கு இரண்டாவது வாக்கு. ஒரு குடும்பத்தின் பல ஆண்டுக் கனவு இருபது நிமிடத்தில் முடிந்து, அடுத்த விண்ணப்பத்தை அழைப்பார்கள். முதல் முறை பார்த்தபோது மனம் கனத்தது. இப்போதும் கனக்கிறது.

அந்த மூன்று நிமிடத்தை எப்படிப் பயன்படுத்துவது?

முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும், கெடு கவுன்சிலுக்குக் கவுன்சில் மாறும். மூன்று நிமிடத்தில் நிதானமாக நானூறு சொற்கள்கூடச் சொல்ல முடியாது. இரண்டு காரணங்கள் போதும். உள்ளூர்த் திட்டத்தில் எந்தக் கொள்கையோடு அவை மோதுகின்றன, அல்லது பொருந்துகின்றன என்று எண்ணைச் சொல்லுங்கள். அறிக்கையில் ஏதாவது தகவல் பிழை இருந்தால் அதிலிருந்தே தொடங்குங்கள், உறுப்பினர்கள் உடனே பக்கத்தைப் புரட்டுவார்கள். ஆங்கிலம் சரளமாக வராது என்று தயங்கி முகவரிடம் விட்டுவிடும் தமிழர்கள் உண்டு. முகவர் நன்றாகத்தான் பேசுவார். ஆனால் அந்த வீட்டில் வாழப்போகிறவர் மெதுவாக, எழுதி வைத்துப் படித்தாலும், உறுப்பினர்கள் தலை நிமிர்ந்து கேட்கிறார்கள்.

கவுன்சிலரை முன்கூட்டியே சந்தித்துப் பேசலாமா?

பேசலாம், தவறில்லை. அவர் குழு உறுப்பினரானால் கேட்டுக்கொள்வார், வாக்கு எப்படி என்று சொல்ல மாட்டார். திறந்த மனதோடு கூட்டத்துக்கு வர வேண்டியது அவருடைய கடமை. முன்பே ஒரு கருத்தைச் சொல்லியிருந்தார் என்பதாலேயே மனம் மூடியவர் ஆகிவிட மாட்டார் என்று 2011ஆம் ஆண்டின் உள்ளூர்மயச் சட்டத்தின் 25ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் பண ஆதாயம் இருந்தால் கதை வேறு. நிலத்தில் பங்கோ, வாழ்க்கைத் துணைக்குத் தொடர்போ இருந்து அதைத் தெரிந்தே வாக்களித்தால் அது குற்றம். பரிசு, விருந்து, 'கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள்' என்ற பேச்சு எதுவும் வேண்டாம். ஊரில் பழகிய மரியாதையாக ஒரு இனிப்புப் பெட்டி கொண்டுபோனாலும் இங்கே அது அவரைச் சங்கடப்படுத்தி, உங்கள் விண்ணப்பத்தையும் கெடுக்கும்.

அதிகாரியின் பரிந்துரையை மீறிக் குழு முடிவெடுக்கலாமா?

தாராளமாக. ஆனால் காரணம் வேண்டும். பரிந்துரையை மீறி மறுத்து, மேல்முறையீட்டில் அந்தக் காரணம் நிற்காமல் போனால், நியாயமற்ற நடத்தை என்று கருதி விண்ணப்பதாரரின் செலவைக் கவுன்சில் கட்ட நேரலாம். அந்த அச்சம் அறையில் எப்போதும் இருக்கிறது. சட்ட அலுவலர் தலைவரின் காதருகே குனியும்போது பெரும்பாலும் அதைத்தான் சொல்கிறார்.

மீறி அனுமதிப்பதற்கும் இதே விதிதான். டோவர் அருகே, கென்ட் டவுன்ஸ் என்னும் பாதுகாக்கப்பட்ட நிலக்காட்சிப் பகுதியில், ஐந்நூறுக்கும் மேற்பட்ட வீடுகள் கொண்ட திட்டம் 2013இல் குழுவின் முன் வந்தது. அதிகாரிகள் எண்ணிக்கையைக் கணிசமாகக் குறைக்கச் சொன்னார்கள். குழு முழுவதையும் அனுமதித்தது, போதிய விளக்கம் தரவில்லை. நாட்டுப்புறப் பாதுகாப்பு அமைப்பின் கென்ட் கிளை வழக்குத் தொடர்ந்தது. 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அனுமதி ரத்தானது சரியே என்றது. ஏன் அனுமதித்தோம் என்று மக்களுக்குச் சொல்லாத முடிவு நிற்காது என்பதை அந்தத் தீர்ப்பு நிலைநாட்டியது. இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த தீர்ப்பு அது.

உள்ளூர்த் திட்டத்துக்கு எதிராக இருந்தும் 60 வீடுகளுக்கு அனுமதி கொடுத்துவிட்டார்களே?

ஐந்து ஆண்டுக்குத் தேவையான வீட்டு நிலம் கையிருப்பில் இருப்பதாகக் கவுன்சிலால் காட்ட முடியாவிட்டால், திட்டத்தின் வீட்டுக் கொள்கைகள் காலாவதியானவையாகக் கருதப்படும். தராசு அனுமதியின் பக்கம் சாயும். கேடுகள் நன்மைகளைவிட வெளிப்படையாக மிஞ்சினால்தான் மறுக்கலாம். 2024 டிசம்பரில் நாடு முழுவதற்குமான இலக்கு ஆண்டுக்கு சுமார் 3,70,000 வீடுகள் என்று உயர்த்தப்பட்டது, பல கிராமப்புற மாவட்டங்களின் பங்கு ஏறியது. ஆகவே எதிர்ப்புக் கடிதம் எழுதுவதற்கு முன் உங்கள் கவுன்சிலின் நிலக் கையிருப்பு எத்தனை ஆண்டு என்று பாருங்கள். நாலு ஆண்டு என்றால் 'கோட்டுக்கு வெளியே' என்ற ஒரே வாதத்தில் தொங்கிக்கொண்டிருக்காதீர்கள்.

கோயிலுக்கு அனுமதி கேட்டால் வேறு விதமாகப் பார்ப்பார்களா?

மதம் பார்க்கப்படுவதில்லை, பயன்பாடு பார்க்கப்படுகிறது. ஹார்ட்ஃபோர்ட்ஷயரின் லெட்ச்மோர் ஹீத் என்னும் சிற்றூரில் உள்ள பக்திவேதாந்த மேனர் என்னும் கிருஷ்ணர் கோயிலை லண்டன் தமிழர்கள் பலர் அறிவார்கள். பீட்டில்ஸ் இசைக்குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் 1973இல் கொடையாக அளித்த இடம். திருவிழா நாள்களில் ஊரின் குறுகிய தெருவில் வாகனங்கள் நிரம்பின. ஊர்மக்கள் முறையிட்டார்கள். பொது வழிபாட்டை நிறுத்தச் சொல்லிக் கவுன்சில் உத்தரவிட, ஆண்டுக்கணக்கில் வழக்கும் ஊர்வலமுமாகப் போயிற்று. 1996இல் ஊருக்குள் நுழையாமல் வெளியிலிருந்து வரும் தனிப் பாதையோடு அமைச்சர் அனுமதி தந்தார். இரு தரப்பிலும் அத்தனை கண்ணீருக்குப் பிறகு முடிச்சை அவிழ்த்தது ஒரு சாலை. களஞ்சியம் வாங்கிக் கோயிலோ மண்டபமோ அமைக்க நினைக்கும் சங்கங்கள் போக்குவரத்து ஆய்விலிருந்து தொடங்குவது நல்லது.

மறுத்துவிட்டால்?

விண்ணப்பதாரர் ஆறு மாதத்துக்குள் மேல்முறையீடுகளை விசாரிக்கும் அரசின் திட்டமிடல் ஆய்வாளர் அலுவலகத்திடம் மேல்முறையீடு செய்யலாம். சாதாரண வீட்டு விரிவாக்கத்துக்கு 12 வாரம். கட்டணம் இல்லை. ஆனால் அவசரப்படாதீர்கள். மறுப்புக் கடிதத்தில் உள்ள காரணங்களைச் சரிசெய்து மறுபடி விண்ணப்பிப்பது பல நேரங்களில் விரைவானது. அந்த ஆட்டுப் பண்ணைக்காரர் செய்தது அதைத்தான்.

அனுமதித்துவிட்டால், எதிர்த்தவர்கள் மேல்முறையீடு செய்யலாமா?

முடியாது. இங்கிலாந்தில் மூன்றாம் தரப்புக்கு அந்த உரிமை இல்லை. நீதிமன்றத்தில் நீதிப் புனராய்வு கேட்பது ஒன்றுதான் வழி, அதற்கும் ஆறு வாரம்தான், அதுவும் முடிவு எடுக்கப்பட்ட முறையில் சட்டப் பிழை இருந்தால் மட்டும். முடிவு பிடிக்கவில்லை என்பது போதாது. இது நியாயமில்லை என்றே நினைக்கிறேன். கட்டுபவருக்கு இரண்டாவது வாய்ப்பு உண்டு, பக்கத்தில் வாழ்பவருக்கு இல்லை.

குழுக்களின் அதிகாரம் குறையப்போகிறது என்கிறார்களே?

2025இல் நிறைவேறிய திட்டமிடல், உள்கட்டமைப்புச் சட்டம் எந்த விண்ணப்பம் அதிகாரியிடம், எது குழுவிடம் என்று நாடு முழுவதற்கும் விதி வகுக்க அமைச்சருக்கு அதிகாரம் தருகிறது. குழுவின் அளவையும் வரையறுக்கலாம். உறுப்பினர்களுக்குப் பயிற்சி கட்டாயமாகிறது. பயிற்சியை மனதார வரவேற்கிறேன். ஆனால் ஊரார் எழுந்து நின்று பேசும் கூட்டங்கள் குறைவதை ஏற்க மனம் வரவில்லை.

அனுமதி வந்துவிட்டது. நாளைக்கே அடித்தளம் தோண்டலாமா?

முதலில் முடிவுக் கடிதத்தின் நிபந்தனைகளை வரி வரியாகப் படியுங்கள். 'வேலை தொடங்கும் முன்' என்று ஆரம்பிப்பவை முக்கியம்: வடிகால் விவரம், மரங்களைச் சுற்றி வேலி, தொல்லியல் ஆய்வு, செங்கல் மாதிரி. இவற்றுக்குக் கவுன்சிலின் எழுத்துபூர்வ ஒப்புதல் தனியாக வாங்க வேண்டும். 2024 முதல் பல திட்டங்களில் இயற்கைவளத்தைப் பத்து விழுக்காடு கூட்டிக் காட்டும் திட்டமும் இதில் சேர்ந்திருக்கிறது. அனுமதி பொதுவாக மூன்று ஆண்டுக்குச் செல்லும், அதற்குள் முறைப்படி வேலை தொடங்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் கெடு முடிய இரண்டு வாரம் இருக்கும்போது அவசரமாகப் பள்ளம் தோண்டியது. வடிகால் நிபந்தனைக்கு ஒப்புதல் வாங்கியிருக்கவில்லை. தொடங்கியதே செல்லாது என்றார்கள். அனுமதி காலாவதியாகி, முதல் படிவத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தார்கள். இப்போது அவர்களுடைய குளிர்பதனப் பெட்டியின் கதவில் நிபந்தனைப் பட்டியல் ஒட்டியிருக்கிறது, ஒவ்வொன்றின் எதிரிலும் ஒப்புதல் வந்த தேதியோடு.